குழந்தைக்குப் பேச்சு தாமதமா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் எங்கிருந்து தொடங்குவது

என் மகனுக்கு இரண்டே கால் வயது ஆனபோது அவன் பேசிய சொற்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மூன்று வயது ஆகப்போகும் சமயத்தில்தான் முதல்முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நடுவில் ஓடிய ஒன்பது மாதத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஆறுதல் மட்டும்தான். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்." "உன் வீட்டுக்காரனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்." "நாக்குல வசம்பு தேய்ச்சுப் பார்த்தியா?" சொன்ன எல்லோருக்கும் எங்கள் மேல் பிரியம் உண்டு. ஆனால் "காதைக் காட்டினீங்களா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கத்தில் கிராமம். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நானும் மாமியாரும். எந்தக் கதவை முதலில் தட்டுவது, எந்தக் காகிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், எங்கே காசு வீணாகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. இன்னும் பொறுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யுங்கள்

பிள்ளைக்குப் பிள்ளை வேகம் மாறும், உண்மைதான். ஆனாலும் சில எல்லைக்கோடுகள் உண்டு. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றே கால், ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும், பொருள் புரிந்து சில சொற்களாவது சொல்ல வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர வேண்டும். மூன்று வயதில் பிள்ளை பேசுவது வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும்.

அந்தந்த வயது தாண்டியும் இவை வராவிட்டால் பொறுக்காதீர்கள். வந்த சொற்கள் திடீரென நின்றுபோனால், எந்த வயதானாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. ழ, ற போன்ற ஒலிகள் ஐந்தாறு வயதில்தான் சரியாக வரும். இரண்டரை, மூன்று வயதில் சொல் திக்கித் திக்கி வருவது பல பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும். ஆறு மாதம் தாண்டியும் திக்கினாலோ, பேச முகத்தை இறுக்கிக் கஷ்டப்பட்டாலோ மட்டும் காட்டுங்கள்.

ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பேச்சு மட்டும்தான் வரவில்லையா, புரிவதிலும் குறையா? கையால் சைகை காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். நாம் வாசலைப் பார்த்துக்கொண்டே சொல்வதால் பிள்ளை நம் கண்ணைப் பின்தொடர்ந்து எடுத்து வந்துவிடும். நாமும் எல்லாம் புரிகிறது என்று நினைத்துக்கொள்வோம். நான் ஏமாந்தது இப்படித்தான்.

2. கிளம்புவதற்கு முன் பையில் வைக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ், அதில் பிள்ளையின் பெயரோடு. பலருடைய சான்றிதழில் பெயர் இடம் காலியாகவே இருக்கும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். இந்த வேலையை முதலில் முடியுங்கள், பிறகு வரும் எல்லாக் காகிதமும் இதைப் பிடித்துத்தான் வரும்.

பிள்ளையின் ஆதார். ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை எடுக்க மாட்டார்கள், பிறப்புச் சான்றிதழும் அம்மா அல்லது அப்பாவின் ஆதாரும் போதும். பெயர் எழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு, தடுப்பூசி அட்டை.

பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம். இதைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் இருந்தது என்ற கேள்விகள் போகிற இடமெல்லாம் வரும். சொந்தத்தில் திருமணமா என்றும் கேட்பார்கள். நம் பக்கம் அக்கா மகள், மாமன் மகன் என்று முடிப்பது சகஜம். பிறவிக் காது கேளாமைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதால்தான் கேட்கிறார்கள், குற்றம் சொல்ல அல்ல. மறைக்காதீர்கள்.

கடைசியாக, போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ. வீட்டில் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் எடுத்து வையுங்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் என் மகன் வாயைப் பூட்டிக்கொண்டான். அவன் என்ன பேசுகிறான் என்று மருத்துவருக்குக் காட்டியது அந்த வீடியோதான்.

3. முதல் வாசல்: அங்கன்வாடி

அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வரும். ராஷ்டிரிய பால ஸ்வஸ்திய திட்டத்தின் குழு அது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். பேச்சுத் தாமதம், காது கேளாமை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அவர்கள் பட்டியலில் உண்டு. குழு எப்போது வருகிறது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டோடு போனால் மாவட்ட மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது என்று தேட வேண்டியதில்லை.

குழு வர மூன்று மாதம் ஆகும் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீட்டு எழுதி வாங்கலாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

போக வேண்டிய இடத்தின் பெயர் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், காது பரிசோதகர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மாவட்டத்துக்கு ஒன்றாக அமைத்தது. தருமபுரிக்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். கிருஷ்ணகிரியில் மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து மறுபடி பஸ் பிடித்து அலையாமல் எந்த வளாகம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் முன்பே கேளுங்கள்: பேச்சுப் பயிற்சியாளர் எந்தெந்தக் கிழமை இருப்பார்? நாங்கள் கேட்காமல் இரண்டு முறை போய்த் திரும்பினோம். பஸ், சாப்பாடு, ஒரு நாள் கூலி எல்லாம் போச்சு. காலை 8 மணிக்கு முன்பே சீட்டுப் போடும் வரிசையில் நின்றுவிட்டால் மதியத்துக்குள் வேலை முடியும்.

4. காதுப் பரிசோதனை

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள். "டப்பா தட்டினா திரும்புறான், டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றான், காதுல என்ன குறை?" என்று நானும்தான் சொன்னேன். சத்தம் கேட்பது வேறு, பேச்சுத் தெளிவாகக் கேட்பது வேறு. ஒரு பக்கக் காது மட்டும் கேட்டாலும், கனத்த ஒலி கேட்டு மெல்லிய ஒலி விட்டுப்போனாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் பிறகு குறை வரலாம்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அழுக்கு, சீழ், நீர் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஓ.ஏ.இ. என்ற சின்னச் சோதனை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு விட்டுவிடாமல் பெரா சோதனையும் செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள். ஓ.ஏ.இ. உள்காதை மட்டும்தான் பார்க்கும், கேட்பு நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை ஒலி போகிறதா என்று காட்டுவது பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் ஒலி விடுவார்கள். வலியே இல்லை. ஆனால் பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும். எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதல்முறை என் மகன் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் முழித்தவன் மறுபடி கண்ணை மூடவே இல்லை. வராந்தாவில் என் சேலையை ஏணையாகப் பிடித்து இரண்டு பேர் ஆட்டினோம். ஒயரை ஒட்டியதும் பிய்த்துப் போட்டான். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. இரண்டாம் முறை முந்தின ராத்திரி பதினொன்று வரை தூங்கவிடாமல் வைத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டோம். பஸ்ஸில் மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் மாடு, லாரி, பாலம் என்று காட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வயிறார இட்லி ஊட்டினேன். அறைக்குள் போன பத்தே நிமிடத்தில் தூங்கினான்.

தூக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று கேட்டு அதன்படி நடங்கள், அப்போது இட்லி கூடாது. வீட்டில் இருக்கும் சளி மருந்தைத் தூக்கத்துக்காக ஊற்றாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் முதல் நாளே சொல்லித் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் செலவு இல்லை. தனியாரில் ஒருமுறை செய்தபோது எங்களுக்கு 2,000 ரூபாய் ஆனது. "நார்மல்" என்று வாயால் சொன்னால் போதாது, இரண்டு காதுக்கும் தனித்தனி அளவு எழுதிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

என் மகனுக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடித்ததில் வந்தது என்றார்கள். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பது போலத்தான் எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்டிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, "எத்தனை தடவ கூப்பிடுறது" என்று நான் அவனை அதட்டிய நாளெல்லாம் ஞாபகம் வந்தது. சளிக்கு வைத்தியம் பார்த்து, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். நீர் வற்றிவிட்டது. காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், குச்சி விடாதீர்கள்.

நிரந்தரக் குறை என்று தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். காது கேட்கும் கருவி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகக் கிடைக்கும். கருவி போதாத பிள்ளைக்கு 6 வயதுக்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். வயது வரம்பு இருப்பதால் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

5. பேச்சுப் பயிற்சியாளரைத் தேடுவது

இடையீட்டு மையத்தில் பயிற்சி இலவசம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையச் சிறப்பாசிரியர்களையும் விசாரியுங்கள், பள்ளியில் சேராத பிள்ளையையும் பதிவு செய்வார்கள்.

தனியாரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் அவசரத்தில் ஒரு மையத்தில் மூன்று மாதப் பணத்தை, 12,000 ரூபாயை, முன்பணமாகக் கட்டினோம். காது அறிக்கையை அவர்கள் கேட்கவே இல்லை. என்னை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது, பணமும் திரும்பவில்லை. அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். எழுத்தில் மதிப்பீட்டு அறிக்கை கேளுங்கள். உங்களை உள்ளே உட்காரவிடாத இடத்துக்குப் போகாதீர்கள், ஏனென்றால் வாரத்தில் மீதி ஆறு நாள் பயிற்சி கொடுக்கப்போவது நீங்கள்தான்.

"நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம், பேச்சே வராமல் போவதற்கு அது காரணமாவது அபூர்வம்.

பெயருக்குத் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, விரல் நீட்டுவதில்லை, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றால் ஆட்டிசம் சோதனையும் கேளுங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. அது முடிவு சொல்லாது, மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும்.

இங்கே தெளிவு கிடைக்காவிட்டால் மைசூரு மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனத்துக்கும் சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கும் போகலாம். இரண்டும் மத்திய அரசினுடையவை. ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று நினைத்துப் போகாமல் ஒரு ராத்திரி தங்கும் ஏற்பாட்டோடு போங்கள்.

6. வீட்டில் இரண்டு மொழி இருந்தால்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் இது பாதி வீட்டுக் கதை. என் மாமியார் பேசுவது தெலுங்கு, நான் தமிழ், தெருவில் கன்னடமும் காதில் விழும். "இத்தனை மொழியில் பிள்ளை குழம்புது, ஒண்ணை மட்டும் பேசுங்க" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மாமியார் அவனிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். தமிழில் அவருக்குக் கொஞ்ச வராது. வீட்டில் அவனிடம் அதிகம் பேசிக்கொண்டிருந்ததே அவர்தான். இரண்டு மாதம் பிள்ளையைச் சும்மா இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஆஸ்பத்திரிப் பயிற்சியாளர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்களுக்கு எது வாயில வருதோ அதுலயே பேசச் சொல்லுங்கம்மா. ரெண்டு மொழியால பேச்சு தாமதமாகாது" என்றார். சொற்களை எண்ணும்போதும் எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். பிள்ளை தண்ணீரைத் தெலுங்கில் "நீள்ளு" என்றாலும் அது ஒரு சொல்தான். பேச்சு வருவதற்காக இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி.யில் சீக்கிரம் சேர்த்துவிட்டு வீட்டிலும் தெரியாத இங்கிலீஷைப் பேசுவது இதைவிடப் பெரிய தப்பு.

7. வீட்டில் தினமும்

தேதி கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம், இதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். காசும் வேண்டாம்.

போனை நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாப்பாட்டு நேரப் போனை நிறுத்த எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது. முதல் நாலு நாள் ஒரே அழுகை.

"இது என்ன? சொல்லு, சொல்லு" என்று கேள்வி கேட்காதீர்கள். செய்கிற வேலையைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். களி கிண்டும்போது "மாவு கொட்டுறேன். கிண்டுறேன். சூடு! ஊது, ஊது." பிள்ளையின் முகத்துக்கு நேராக, அதே உயரத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு சொல் வந்தால் ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "பாலு" என்றால் "பாலு வேணும்". தப்பாகச் சொன்னால் திருத்தாமல், சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். "காக்கா" எனச் சொல்லாமல் "கா கா" என்றாலும், ஆட்டைப் பார்த்து "ம்மே" என்றாலும் அதைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடாதீர்கள். பிஸ்கட் டப்பாவை இறுக்க மூடிக் கையில் கொடுங்கள். இரண்டு பொருளைக் காட்டி "வாழைப்பழமா, கடலையா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்தப் பத்து எண்ணிக்கைதான், மூன்றிலேயே வாய் திறந்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் பலித்தது பருப்பு கடையும் விளையாட்டு. உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, கடைசியில் கையில் நண்டு ஊறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதுதான். பாதிக் கையில் நண்டை நிறுத்திவிடச் சொன்னார் பயிற்சியாளர். நிறுத்தினேன். அவன் என் விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு கையை நீட்டி "ம்" என்றான். அடுத்த வாரம் "வா" என்றான். தினமும் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை செய்தாலே போதும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் பிள்ளை வெறுத்துவிடும்.

8. அடையாள அட்டை தேவைப்பட்டால்

வெறும் பேச்சுத் தாமதம் என்றால் இதற்கு ஓடவேண்டியதில்லை. காது கேளாமை, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு என்று மருத்துவர் உறுதி செய்தால் தயங்காதீர்கள். தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆதார், படம், முகவரிச் சான்று போதும். மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் எழுதும். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றாகத் தருவார்கள், காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள்.

மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பயிற்சிச் செலவுக்கும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான் அது. இது தெரியாமல் மற்றவர்கள் புரோக்கரிடம் காசு கொடுத்து ஏமாறுகிறார்கள்.

9. ஒரு நோட்டு போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டு போதும். புதுச் சொல் வந்தால் தேதி போட்டு எழுதுங்கள், பயிற்சியாளர் சொன்ன வீட்டுப்பாடத்தையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறு மதிப்பீடு கேட்கும்போது இதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்கள். முன்னேற்றம் இல்லை என்றால் பயிற்சி முறையை மாற்றச் சொல்லவும் இதுதான் ஆதாரம்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஆறே சொல் இருக்கிறது: அம்மா, தா, கா கா, ம்மே, நீள்ளு, வா. ஏழாவது வர நாற்பது நாள் ஆனது. அதன் பிறகு ஒரு வாரத்தில் நாலு சொல். போன மாதம் தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டி தெருவில் போனபோது மாமியாரின் முந்தானையை இழுத்து, "அவ்வா, வண்டி போச்சு" என்றான். பாதி தெலுங்கு, பாதி தமிழ். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.